கடைசியாகப் போகும் பிள்ளை

ஏப்ரல் 28, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பாஸ்டர் கூப்பிட்டார். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு இந்த வருடம் கேட்டை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். காலையில் பிள்ளைகளை உள்ளே வாங்க வேண்டும், மதியம் சரியான ஆள் கையில் ஒப்படைக்க வேண்டும். "லேடீஸ் ஹாஸ்டல் கேட்டையே முப்பது வருசம் காத்தவங்க நீங்க. உங்களை விட்டா யாரும்மா இருக்கா?" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். சாலையைக் கடந்து என் வீட்டு மாடிப்படி ஏறுவதற்குள் போன் பண்ணிச் சரி என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் வரையாவது பொறுத்திருக்கலாம். காத்துக்கிடந்தது போல ஆகிவிட்டது.

போன வருடம் ஒரு பையன் காணாமல் போனான். "யாராவது பைக்ல கூட்டிட்டுப் போயிருப்பாவ" என்று எல்லோரும் சாயங்காலம் வரை நிம்மதியாக இருந்தார்கள். பாளையங்கோட்டையில் எங்கள் சபையில் ஒருவருக்கொருவர் சொந்தமில்லாத ஆளே கிடையாது. யார் பிள்ளையையும் யாரும் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு போவார்கள், யாரும் கேட்க மாட்டார்கள். பையன் தனியாக நடந்தே ஜங்ஷன் போய் ரயில் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். நல்ல வேளை, ஒரு போர்ட்டர் பிடித்து உட்கார வைத்தார்.

மே 4, சனி

பெனிட்டா வந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண், பாட்டும் பாடமும் அவள் பொறுப்பு. இரண்டு பேரும் உட்கார்ந்து அட்டை வெட்டினோம். ஒவ்வொரு அட்டையையும் நடுவில் கோணல்மாணலாக வெட்டி, ஒரு பாதியை நூலில் கோர்த்துப் பிள்ளை கழுத்தில் போடுவது, மறு பாதியைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் கையில் கொடுப்பது. மதியம் இரண்டும் பொருந்தினால்தான் பிள்ளை வெளியே போகும். யோசனை என்னுடையது.

"அட்டையைத் தொலைச்சிட்டாவன்னா என்ன செய்ய, வார்டனம்மா?"

"வீட்டுக்குப் போய்த் தேடட்டும்."

"பாஸ்டரம்மா தொலைச்சாலுமா?"

"பாஸ்டரம்மா வீடு பக்கம்தானே, சீக்கிரம் தேடிட்டு வந்திருவாங்க."

சிரித்தாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன், வேலை இருக்கிறது என்று போய்விட்டாள். இரண்டு பேருக்குச் சமைத்திருந்தேன்.

மே 6, திங்கள்

அப்பப்பா, என்ன கூத்து! மதியம் பன்னிரண்டு மணிக்குக் கேட்டில் திருவிழாக் கூட்டம். பாதிப் பேர் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

"என்ன வார்டனம்மா, என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"நல்லாத் தெரியும். அட்டை எங்க?"

"நான் இவனோட சொந்த மாமாலா?"

"மாமாவுக்கு அட்டை கிடையாதா?"

பாஸ்டரம்மா நிஜமாகவே அட்டையை மறந்துவிட்டு வந்தார்கள். திருப்பி அனுப்பினேன். வெயிலில் குடையில்லாமல் போய் எடுத்து வந்தார்கள், முகம் சிவந்திருந்தது. ஆனால் அதைப் பார்த்த பிறகு ஒருத்தர் வாயைத் திறக்க வேண்டுமே! வேலையை விட்டு ஆறு மாதம் ஆகிறது. இவ்வளவு குரல் கொடுத்துப் பேசியதே இன்றைக்குத்தான்.

காலையில் ஒரு பெண் என்னைத் தனியாக அழைத்தாள். ஷீபா. முன்பு பாடகர் குழுவில் இருந்தவள், இப்போது கோவிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து முதல் ஆளாகப் போய்விடுவாள். டவுனில் ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். கையில் ஆறு வயது மகள் ஜெமிமா.

"வார்டனம்மா, என்னைத் தவிர யாருகிட்டயும் இவளைக் குடுத்திராதிய. யாரு வந்தாலும், யாரு சொன்னாலும்."

புருஷனை விட்டுப் பிரிந்திருக்கிறாள். அவன் மஸ்கட்டில். அவனுடைய அண்ணன்தான் எங்கள் கமிட்டிச் செயலாளர் ஜெபசிங். போன வருடம் கிறிஸ்துமஸ் லீவுக்கென்று பிள்ளையைக் கூட்டிப்போனவர்கள் ஈஸ்டர் வரை அனுப்பவில்லை. போலீஸ் ஸ்டேஷன் வரை போய்த்தான் மீட்டிருக்கிறாள். பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று குடும்பக் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது, ஜூன் மாதம் விசாரணை.

"எனக்குக் கடையில பன்னெண்டு மணிக்குத்தான் சாப்பாட்டு நேரம். பஸ் பிடிச்சு வர செத்த லேட்டாகும்."

"வா, வா. நான் எங்க போகப்போறேன்."

ஒரு மணி ஆனது. எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு நானும் ஜெமியும் வாதாமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். என் பெயரே வார்டனம்மா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"வார்டனம்மா, உங்க பிள்ளைங்கல்லாம் எங்க?"

"இருநூறு பேர் இருந்தாங்க. எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க."

"உங்களைக் கூட்டிட்டுப் போக யாரு வருவா?"

எதிரே மாடியைக் காட்டி, நானே போய்விடுவேன் என்றேன். "பெரிய ஆளு" என்றாள்.

மே 7, செவ்வாய்

ஜெமிதான் இன்றும் கடைசி. ஒன்றே கால். எனக்கு ஒரு சிரமமும் இல்லை, அரக்கப்பரக்க ஓடி வராதே என்று ஷீபாவிடம் சொன்னேன்.

மே 8, புதன்

ஜெமிக்கு மேல்பல் ஆடுகிறது. என் விரலைப் பிடித்து வைத்து ஆட்டிக் காட்டினாள். மனப்பாட வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டு, மீதி அவளாகச் சேர்த்துச் சொல்கிறாள். நான் திருத்தவில்லை. ஹாஸ்டல் பிள்ளைகள் கேட்டால் நம்ப மாட்டார்கள்.

மே 9, வியாழன்

பன்னிரண்டரை மணிக்கு ஜெபசிங் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஐஸ்கிரீம் கப். ஊருக்கே அண்ணாச்சி, எனக்கு மட்டும் தம்பி. ஜெமி பார்த்ததும் "பெரியப்பா!" என்று ஓடினாள். அவரும் முட்டி போட்டு உட்கார்ந்து கேட் கம்பிக்குள் கையை விட்டு அவள் தலையைத் தடவினார். நடிப்பு இல்லை. அந்த மனுஷனுக்குப் பிள்ளையென்றால் உயிர்தான், அவருக்குப் பிள்ளை கிடையாது.

"கதவைத் தொறங்க வார்டனம்மா. வீட்ல பெரியம்மா பிரியாணி பண்ணிருக்கா. சாயங்காலம் நானே கொண்டு விட்டுருதேன்."

"அட்டை இருக்கா தம்பி?"

"என்ன இது, எங்கிட்டயே அட்டையா?"

"பாஸ்டரம்மாகிட்டயே கேட்டேன்."

கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தார்கள். சொந்தப் பெரியப்பா இல்லையா, செயலாளர் இல்லையா, பிள்ளையே ஓடி வருது பாருங்க. ஒரு அம்மா என் காதுபடவே, "கல்யாணம் காச்சி ஆகாதவளுக்குப் பிள்ளை பாசம் எங்கன தெரியும்" என்றாள். கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

பாஸ்டர் வந்து என் பக்கத்தில் குனிந்து, "குடுத்திருங்கம்மா, ஏன் பிரச்சினை" என்றார்.

"சரி ஐயா. அவளோட அம்மா வந்து கேட்டா, நான்தான் குடுக்கச் சொன்னேன்னு நீங்க சொல்லுவீங்களா?"

பாஸ்டர் நிமிர்ந்து இரண்டடி தள்ளிப் போய் நின்றார். நான் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஐஸ்கிரீமைக் கம்பி வழியாக வாங்கி ஜெமியிடம் கொடுத்தேன், பெரியப்பாவுக்கு தேங்க்ஸ் சொல் என்றேன். சொன்னாள். அவர் வண்டியை உதைத்த உதையில் பெட்ரோல் டேங்க் வெடித்திருக்க வேண்டும்.

ஷீபா வந்ததும் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா வார்டனம்மா?"

உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா என்றாள்.

மே 10, வெள்ளி

காலையில் என்னிடம் ஸ்தோத்திரம் சொன்னவர்கள் பெனிட்டாவும் வாட்ச்மேனும் மட்டும். மற்றவர்கள் அட்டையை நீட்டுகிறார்கள், பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும். அட்டை கொண்டுவருகிறார்களே, அது போதும்.

ஜெமி ஒரு மணி வரை இருந்தாள்.

மே 12, ஞாயிறு

கோவிலில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. ஐந்து பேர் உட்காருகிற பெஞ்சு. பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்தேன், பையை அதற்குப் பக்கத்தில் வைத்தேன், அப்போதும் இடம் கிடந்தது.

தேங்காய்ப்பால் சொதி வைத்தேன். ஒரு ஆளுக்குச் சொதி வைக்க எனக்கு இன்னும் கை வரவில்லை. இரவுக்கும் நாளைக் காலைக்கும் அதுதான். கோயம்புத்தூரில் இருந்து தங்கச்சி போன் பண்ணினாள், நன்றாக இருக்கிறாயா என்று கேட்டாள், இருக்கிறேன் என்றேன், சரி வைக்கிறேன் என்றாள்.

சாயங்காலம் மார்க்கெட் பக்கம் போனபோது கலர் பென்சில் ஒரு டப்பா வாங்கினேன். தள்ளுபடியில் போட்டிருந்தார்கள்.

மே 13, திங்கள்

ஷீபா இன்று பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டாள். கடையில் சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். நல்லதுதான்.

மதியம் தூக்கம் வரவில்லை.

மே 14, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்தரை மணிக்கு மரண மணி அடித்தது. பழைய கமிட்டிக்காரர் ஒருவர் தவறிவிட்டார். எல்லோரும் துட்டி வீட்டுக்குப் போக வேண்டும் என்று வகுப்பைப் பதினொரு மணிக்கே முடித்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் செய்தி போட்டதும் மற்ற பிள்ளைகளுக்கு ஆள் வந்துவிட்டது. ஷீபாவுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கடையில் வேலை நேரத்தில் போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள்.

"நான் ஜெமிகூட இருக்கேன் வார்டனம்மா, நீங்க துட்டிக்குப் போய்ட்டு வாங்க" என்றாள் பெனிட்டா.

"நீ போ. நான் பாத்துக்கிடுதேன்."

"பிள்ளைகூட எப்பவும் ரெண்டு பேரா இருக்கணும்னு நீங்கதானே சொன்னிய?"

"எங்கிட்ட ரூல் பேசாத. போ."

வாட்ச்மேனும் மணியடிக்கப் போய்விட்டு அப்படியே துட்டி வீட்டுக்குப் போய்விட்டார். கேட்டைப் பூட்டினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பிள்ளையை எவ்வளவு நேரம் மரத்தடியில் உட்கார வைப்பது? எதிர்வீடுதானே. மாடியில் இருந்து பார்த்தால் கேட் தெரியும். ஷீபா வந்தால் கூப்பிட்டுவிடலாம்.

இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டாள். தேங்காய்ப்பால் வாயெல்லாம் வழிந்தது. கலர் பென்சிலை எடுத்துக் கொடுத்தேன், ஒரு வீடு வரைந்தாள், வாசலில் பெரிய கேட், கேட்டில் நான். அனல் காற்று அடித்ததால் மாடிக் கதவைச் சாத்தினேன். பிறகு என் மடியில் தலை வைத்தபடியே தூங்கிவிட்டாள். இரண்டு கை விரல்களும் என் சேலை முந்தானையைப் பிடித்திருந்தன.

போன் பைக்குள் இருந்தது. ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லை.

கதவை யாரோ உடைப்பது போலத் தட்டினார்கள். திறந்தால் பெனிட்டா, தலையெல்லாம் கலைந்து, மூச்சு வாங்க. நான் உதட்டில் விரலை வைத்து, "உஷ், பிள்ளை தூங்குது" என்றேன்.

அவள் பார்த்த பார்வையை எழுத வரவில்லை.

ஷீபா ஒரு மணிக்கு வந்திருக்கிறாள். கேட்டில் பூட்டு. உள்ளே ஒரு குஞ்சு இல்லை. எனக்குப் போன் பண்ணியிருக்கிறாள். எடுக்கவில்லை என்றதும் அவளுக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வந்திருக்கிறது. ஜெபசிங் வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். துட்டி வீடும் அதே தெருவில். நாற்காலி போட்டுச் சபையே உட்கார்ந்திருக்கிறது. அத்தனை பேர் முன்னாலும் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கிழித்திருக்கிறாள், "எம் பிள்ளையக் குடுல, எங்கல ஒளிச்சு வச்சிருக்க" என்று மண்ணில் விழுந்து புரண்டிருக்கிறாள். அவர் கையை ஓங்கவில்லையாம். கிழிந்த சட்டையோடு நின்று, "எல்லாரும் பாத்துக்கோங்க, இந்தக் கோலத்துலதான் எங்க பிள்ளை வளருது" என்று மட்டும் சொன்னாராம்.

பெனிட்டா தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே இறங்கினேன். கீழே ஷீபா நின்றாள், முழங்கையில் ரத்தம், தலையில் மண். பிள்ளையை வாங்கி, கை காலெல்லாம் தடவிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே. வயிறாரச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். அதை ஏன் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்?

மே 15, புதன்

கேட்டுக்கு வர வேண்டாம் என்று பாஸ்டர் போனில் சொன்னார். நாளை சாயங்காலம் கமிட்டிக் கூட்டம், அதற்கு வர வேண்டுமாம். மாடியில் இருந்து பார்த்தேன். பெனிட்டாவும் இன்னொரு பெண்ணும் கேட்டில் நின்றார்கள். அட்டையைச் சரியாகத்தான் பார்த்தார்கள். ஜெமி வரவில்லை.

போன் கேட்கவில்லை என்று பாஸ்டரிடம் சொன்னேன். பெனிட்டாவிடமும் அதைத்தான் சொன்னேன். பழைய ஃபேன், என்ன சத்தம் போடும் என்று வந்து பார்த்தால் தெரியும்.

நான்கு மணிக்கு ஜெபசிங் வந்தார். ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். உட்காருங்கள் தம்பி என்றேன். இந்த வீட்டில் நான் வந்த பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள்.

"நடந்தது நடந்துபோச்சு, வார்டனம்மா. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அன்னைக்குக் கேட்டுல நீங்க உங்க கடமையைச் செஞ்சிய."

"உங்களை அவ அப்படிச் செஞ்சதுக்கு நான்தான் காரணம், தம்பி."

"நீங்க என்ன செஞ்சிய? அவ வரலை. வெயில்ல கெடந்த பிள்ளைக்குச் சோறு குடுத்திய. போன் அடிச்சது கேக்கல. அறுபது தாண்டின மனுஷி, கேக்காது. நாளைக்குக் கூட்டத்துல இவ்வளவு சொன்னாப் போதும். மத்ததை ஊரே பாத்துருக்கு. பாஸ்டர் ஐயாவும் கமிட்டியும் கோர்ட்டுல வந்து பாத்ததைச் சொல்லுவாவ."

"கோர்ட்டுல என்ன சொல்லப்போறாங்க?"

"தெனமும் பிள்ளையை மணிக்கணக்காத் தெருவுல போடுதா. கேட்டா ஆளை அடிக்கா. புத்தி சரியில்ல. பிள்ளை எங்ககிட்ட இருக்கட்டும்."

எழுந்தவர் வாசலில் நின்று, மெதுவாகச் சொன்னார்.

"ஜெமி எங்க வீட்டுக்கு வந்துட்டான்னா, பின்தெருதானே. தெனமும் சாயங்காலம் உங்ககிட்ட கொண்டாந்து விடுதேன். என் வீட்டம்மாவுக்கும் முடியாத உடம்பு. நீங்க பாடம் சொல்லிக் குடுங்க, பக்கத்துல வச்சிக்கோங்க. உங்களுக்கும் ஒரு துணையாச்சு."

தினமும் என்றார்.

ஒரு ஆப்பிளை நறுக்கினேன். தின்ன முடியவில்லை.

மே 16, வியாழன்

காலையில் அலமாரியில் கீழ்த்தட்டைக் காலி செய்தேன். ஒரு பிள்ளையின் துணி, புத்தகம் வைக்கிற அளவு இடம் வந்தது. பிறகு எல்லாவற்றையும் எடுத்துத் திரும்ப அங்கேயே அடுக்கினேன்.

ஆறு மணிக்குக் கூட்டம். கோவில் பக்கத்து ஹாலில் கமிட்டிக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஷீபா சுவர் ஓரமாக, முழங்கையில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தாள். ஜெமி வெளியே பெனிட்டாவிடம்.

பார்த்தவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. சட்டையைக் கிழித்தாள், கெட்ட வார்த்தை பேசினாள், செத்த வீட்டில் அசிங்கம் பண்ணினாள். ஷீபாவிடம் என்ன சொல்கிறாய் என்று கேட்டார்கள். "எம் பிள்ளையக் காணும் ஐயா" என்றாள். அதையே இரண்டாம் முறையும் சொன்னாள். காணோம் என்கிறாயே, பிள்ளை இதோ வெளியே விளையாடுகிறதே என்று ஒருவர் சிரித்தார்.

பாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்கம்மா? போன் கேக்கலன்னு சொன்னீங்க, அப்படித்தானே?"

ஜெபசிங் எனக்காகத் தலையாட்டினார். ஆமாம் என்ற ஒரு சொல்தான். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம்.

"கேட்டுச்சு" என்றேன்.

"என்னது?"

"போன் அடிச்சது கேட்டுச்சு ஐயா. பிள்ளையை அசைக்காம கையை நீட்டிப் பையில இருந்து எடுத்தேன். ஷீபா பேரு வந்துச்சு. சத்தத்தைக் குறைச்சு வச்சிட்டேன். திரும்பத் திரும்ப அடிச்சா. ஒவ்வொரு தடவையும் பாத்தேன்."

"ஏம்மா?" என்றார் பாஸ்டர். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"பிள்ளை தூங்குச்சு. இன்னும் செத்த நேரம் இருக்கட்டுமேன்னு ஆசையா இருந்துச்சு. எடுத்தா வந்து கூட்டிட்டுப் போயிருவாளே."

சொல்லிவிட்டு ஷீபாவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். நான் மேலே பேசினேன். அவள் லேட்டாக வரவில்லை, வழக்கமான நேரத்தில் வந்தாள். பிள்ளையை ஒரு நாளும் தெருவில் போடவில்லை, என்னை நம்பிப் பூட்டிய கேட்டுக்குள் விட்டுப் போனாள். பிள்ளையைக் கேட்டுக்கு வெளியே, அம்மாவுக்குத் தெரியாமல், தனியாகக் கூட்டிக்கொண்டு போனது நான். அன்றைக்கு ஜெபசிங் தம்பி என்ன கேட்டார்? சாயங்காலம் கொண்டுவிடுகிறேன் என்றுதானே கேட்டார். அதற்கே நான் கதவைப் பூட்டினேன். "பிள்ளையைத் திருடுனவ இங்க உட்கார்ந்திருக்கேன், பறிகொடுத்தவளைப் பிடிச்சு வச்சு விசாரிக்கிறிய. கோர்ட்டுல கூப்பிட்டா நானும் வாரேன். இதையே சொல்லுதேன்."

ஜெபசிங் எழுந்து வெளியே போய்விட்டார். கோர்ட்டுக்குக் கமிட்டி போகாது என்று பாஸ்டர் சொன்னார். வேறு என்னென்னவோ பேசினார்கள், காதில் விழவில்லை. இனிமேல் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எந்தப் பொறுப்பும் எனக்குக் கிடையாது என்றார்கள். அது விழுந்தது. சரிதான் என்றேன்.

மே 17, வெள்ளி

காலை ஏழு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். ஷீபா. வேலைக்குப் போகிற சேலையில், தனியாக. உள்ளே வா என்றேன். வரவில்லை.

"நேத்து நீங்க சொல்லலன்னா எம் பிள்ளை எனக்கு இல்ல, வார்டனம்மா. அது எனக்குத் தெரியும்."

"அதை விடும்மா."

"முழுசாச் சொல்லி முடிச்சிருதேன். கேட்டு முன்னால நின்னப்ப எனக்கு உயிரே போயிட்டு. இப்பவும் ராத்திரி எந்திச்சு அவ மூச்சு விடுதாளான்னு பாக்கேன். நீங்க நல்லவியதான். ஆனா இனிமே நீங்க அவகூடப் பேச வேண்டாம். பழக வேண்டாம். எனக்கு முடியலை."

சரி என்றேன். அவள் போகாமல் நின்றாள்.

"இன்னொன்னு. நான்தான் வேண்டாம்னேன்னு அவகிட்ட சொல்லிராதிய. அப்பாவை விட்டும் நான்தான் பிரிச்சேன், பெரியப்பாவை விட்டும் நான்தான் பிரிச்சேன்னு அது மனசுல கெடக்கு. உங்களையும் நான்தான் பிரிச்சேன்னு ஆகக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"அவ கேப்பா."

"நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

சாயங்காலம் நிறைவு விழா. போக வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். போனேன். எல்லோருக்கும் பின்னால் நின்றேன். ஜெமி தலையில் காகித கிரீடம் வைத்துக்கொண்டு நடனப் பாட்டில் எல்லோரும் வலது கையைத் தூக்கும்போது இடது கையைத் தூக்கினாள். மேல்பல் விழுந்துவிட்டது. சிரித்தபோது பார்த்தேன்.

முடிந்ததும் கூட்டத்துக்குள் நுழைந்து நேராக என்னிடம் ஓடி வந்தாள். இரண்டு கையாலும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பத்தடி தள்ளி ஷீபா நின்றாள், கூப்பிடவில்லை.

"வார்டனம்மா! என் பல்லு விழுந்துட்டு! நாளைக்கு உங்க வீட்டுக்கு வரட்டா? இன்னொரு படம் வரையணும்."

"நாளைக்கு எனக்கு வேலை இருக்கு."

"நாளான்னைக்கு?"

"அன்னைக்கும் இருக்கு."

"எப்போ இருக்காது?"

"எப்பவும் இருக்கும். சும்மா சும்மா வந்து தொந்தரவு பண்ணக் கூடாது. போ, அம்மா நிக்கா பாரு."

ஹாஸ்டல் குரலில் சொன்னேன். அந்தக் குரலுக்கு வளர்ந்த பெண்களே மிரளுவார்கள். அவள் கை தானாக விட்டுப்போனது. என் முகத்தையே அண்ணாந்து பார்த்தாள், நான் விளையாடுகிறேனோ என்று. நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் உதடு பிதுங்கியது. திரும்பி ஓடிப்போய் அம்மா சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"வார்டனம்மாக்கு என்னைப் பிடிக்கலம்மா" என்றாள். நன்றாகவே கேட்டது.

ஷீபா அவளைத் தூக்கிக்கொண்டாள். கேட்டில் அட்டையைக் காட்டிவிட்டு வெளியே போனாள். அம்மா தோளில் இருந்து ஜெமி யார் யாருக்கோ டாட்டா காட்டினாள், பெனிட்டாவுக்கு, வாட்ச்மேனுக்கு, பாஸ்டருக்கு.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அழுதேன். வெகுநேரம் அழுதேன். பிடிக்கும் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது, அதனால் இங்கே எழுதுகிறேன். பிடிக்கும்.

மே 18, சனி

விடிவதற்கு முன்பே குளித்துச் சேலை மாற்றிவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை.